61ஆம் யூனிட் எல்க் டேக்: கைடு வைப்பதா, நாமே நோட்டம் பார்த்துப் போவதா?

பைன்காடு (டென்வர்), ஜூன் 9

எல்லாருக்கும் வணக்கம். வருஷக்கணக்கா சேர்த்து வெச்சிருந்த ப்ரிஃபரன்ஸ் பாயிண்ட் (குலுக்கல்ல முன்னுரிமை தர்ற புள்ளி) முழுக்க இந்தக் குலுக்கல்ல போயிடுச்சு. பதிலுக்கு கொலராடோ 61ஆம் யூனிட்டுக்கு (வேட்டைப் பகுதிக்கு) முதல் ரைஃபிள் சீசன் எல்க் டேக், அதாவது ஒரு எல்க் மானை வேட்டையாட அனுமதிச் சீட்டு, கிடைச்சிருக்கு. பாயிண்ட் இனி பூஜ்யத்துல இருந்துதான் ஆரம்பம், அதனால இந்த யூனிட்ல மறுபடி நிக்கிற வாய்ப்பு எனக்கு இருக்குமான்னே தெரியல.

இதுவரைக்கும் கடையில வாங்குற சாதா டேக்ல பெட்டை எல்க்கும் சின்னக் காளையும் (ஆண் எல்க்) எடுத்திருக்கேன். வீட்டுக்குக் கறி வரும், அதுவே போதும்னு இருந்தேன். இந்த முறை வயசான, பெரிய கொம்புள்ள ஒரு காளையைத் தேடிப் போகணும்னு ஆசை. சீசன் 5 நாள்தான்.

கைடோட வேட்டைப் பயணம் ஏற்பாடு பண்ற ஒரு அவுட்ஃபிட்டர்கிட்ட பேசினேன். சொன்ன தொகை என் வருஷ சேமிப்புல பெரிய பங்கு. அதைக் கொடுக்கலாமா, இல்ல ஜூலை, ஆகஸ்ட் வார இறுதியெல்லாம் அங்கேயே கூடாரம் போட்டு நானே நோட்டம் பார்க்கலாமா? போனவங்க சொல்லுங்க.

---

வடமலையான் (மாண்ட்ரோஸ்), ஜூன் 9

வாழ்த்துகள் தம்பி. அந்த மேட்டுநிலத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

61 என்பது அன்கம்பாக்ரே பீடபூமியின் மேற்குச் சரிவு. உச்சியில் டிவைட் ரோடு ஓடுகிறது. மேலே ஆஸ்பென், ஸ்ப்ரூஸ் மரங்கள். இறங்க இறங்க ஓக் புதர், அதற்கும் கீழே பின்யான், ஜூனிப்பர், பிறகு செம்பாறைப் பள்ளத்தாக்குகள். பெரும்பகுதி தேசிய வனமும் பிஎல்எம் (கூட்டாட்சி நில நிர்வாகத் துறை) நிலமும்தான். நிலத்துக்காரரிடம் கெஞ்ச வேண்டிய தேவை இல்லாமல் கால்நடையாகவே நல்ல இடங்களுக்குப் போய்விடலாம். கிழக்குச் சரிவான 62இல் கூட்டம் அதிகம். 61இல் டேக் எண்ணிக்கை குறைவு என்பதால்தான் காளைகள் முதிர்கிற வயது வரை உயிரோடு இருக்கின்றன.

நீ ஜூலையில் நோட்டம் பார்க்கப் போகிறேன் என்கிறாய். போ, ஆனால் எதைப் பார்க்கப் போகிறாய் என்பதில் தெளிவாக இரு. ஜூலையில் காளைகள் ஐந்தாறாகச் சேர்ந்து உயரமான திறந்த மேய்ச்சலில் நிற்கும். கொம்பு அப்போது வெல்வெட் தோலுக்குள் வளர்ந்துகொண்டிருக்கும், உச்ச வேகத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம். பார்க்க எளிது, படம் எடுக்கவும் எளிது. ஆகஸ்ட் பிற்பாதியில் அந்தத் தோலை மரத்தில் உரசிக் கழித்துவிட்டு அந்தக் கூட்டம் கலைந்துவிடும். செப்டம்பரில் ஒவ்வொன்றும் பெட்டைகளைத் தேடி மைல்கணக்கில் நகரும். உன் சீசனோ அக்டோபர் நடுப்பகுதி. அப்போது இணைசேரும் பருவம் அடங்கி, உடம்பு வற்றிப்போன பெரிய காளை தனியாக ஒதுங்கிவிடும். தீனி, தண்ணீர், அடர்ந்த மறைவு மூன்றும் பக்கத்திலேயே கிடைக்கும் ஒரு குழிவான இடத்தில் படுத்துக் கிடக்கும். ஜூலையில் நீ பார்த்த காளையை அதே இடத்தில் அக்டோபரில் தேடினால் வெற்றுச் சரிவுதான் இருக்கும்.

ஆகவே கோடையில் காளையைத் தேடாதே, நிலத்தைப் படி. எந்த ஊற்று செப்டம்பர் வரை வற்றாது? போன வருஷம் கொம்பு உரசிய மரங்கள் எந்த வரிசையில் நிற்கின்றன? சேறாடும் குழிகள் எங்கே? வாகனம் போகக்கூடிய கடைசி இடம் எது? வனத்துறை வெளியிடும் வாகனப் பாதை வரைபடத்தை எடுத்து, மூடிய சாலைகளைக் குறி. சீசன் தொடங்கியதும் ஆட்கள் எந்தப் பக்கத்திலிருந்து வருவார்கள், காளை எந்தப் பக்கம் தப்பும் என்பதை அதிலிருந்தே பாதி ஊகிக்கலாம்.

செப்டம்பர் கடைசி வாரத்தில் கட்டாயம் ஒரு முறை வா. விடியலுக்கு முன்னால் எதிர்மேட்டில் உட்கார்ந்து காளைகளின் கூவல் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேள், நெருங்கிப் போகாதே. பெட்டைக் கூட்டத்தோடு நிற்கும் காளைகளின் தரம் அப்போது தெரியும். சண்டை ஓய்ந்ததும் அவை ஒதுங்கப்போகும் குழிகள் பெரும்பாலும் அந்தச் சுற்றுவட்டத்திலேயே இருக்கும்.

---

கல்பாதை (கேஸ்பர், வயோமிங்), ஜூன் 10

வடமலையான் அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா அவரு பக்கத்துலயே இருக்காரு. டென்வர்ல வேலை பார்த்துக்கிட்டு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆறு மணி நேரம் வண்டி ஓட்டி அங்க போறது எல்லாருக்கும் ஆகுற காரியமில்ல.

கைடுக்குக் கொடுக்கிற காசு அந்த அஞ்சு நாளுக்குன்னு நினைக்காதீங்க தம்பி. அவரு வருஷம் முழுக்க அந்த மலையில பார்த்து வெச்சதுக்குத்தான் காசு. அதனால போன்ல பேசும்போது நான் முதல்ல கேக்கிறது, “இந்த யூனிட்ல நீங்க எத்தனை சீசன் வேலை செஞ்சிருக்கீங்க? ஆகஸ்டுக்கு அப்புறம் யார் போய் நோட்டம் பார்ப்பாங்க? அவரேதான் என்னோட வருவாரா?” இதுக்கு நேரான பதில் வரலைன்னா அங்க காசு கட்டாதீங்க. சீசனுக்காக மட்டும் வேற மாநிலத்துல இருந்து கூட்டிட்டு வர்ற கைடுக்கு உங்களைவிட அந்த நிலம் அதிகம் தெரியாது.

அடுத்து பேப்பர். கொலராடோல அவுட்ஃபிட்டர் மாநிலத்துல பதிவு பண்ணியிருக்கணும், ஜாமீன் பத்திரமும் காப்பீடும் வேணும், உங்களோட எழுத்துல ஒப்பந்தம் போடணும். தேசிய வனத்துக்குள்ள தொழில் செய்ய வனத்துறை அனுமதி தனியா வேணும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி மாநில இணையதளத்துல நீங்களே சரிபாருங்க. காயம் பட்ட காளை கிடைக்காமப் போனா வேட்டை முடிஞ்சதாத்தான் கணக்கு, பல பேரு ஒப்பந்தத்துல அப்படி எழுதியிருப்பாங்க. படிக்காம கையெழுத்து போடாதீங்க. ஒரு கைடுக்கு ஒரு ஆளா, ரெண்டு ஆளான்னும் கேளுங்க. முதிர்ந்த காளைக்குன்னா ஒண்ணுக்கு ஒண்ணுதான் நல்லது.

முழுச் செலவு முடியாதுன்னா ட்ராப் கேம்ப் இருக்கு. குதிரையில சாமானை ஏத்திப் போய் கூடாரம் போட்டுக் கொடுத்துட்டு வந்துடுவாங்க. வேட்டை உங்க பாடு. எல்க் விழுந்ததும் சொல்லி அனுப்பினா இறைச்சியை இறக்கிக் கொடுப்பாங்க. விலையும் முழு கைடு செலவைவிட நல்லாவே குறைவு.

எங்க வயோமிங்ல வெளி மாநிலத்துக்காரங்க வில்டர்னஸ்னு பாதுகாக்கப்பட்ட காட்டுப் பகுதிக்குள்ள பெரிய விலங்கு வேட்டைக்குப் போகணும்னா உரிமம் உள்ள கைடோ, உள்ளூர்வாசி ஒருத்தரோ கூட இருந்தே ஆகணும், சட்டமே அப்படி. கொலராடோல அந்தக் கட்டாயம் இல்ல.

---

சமவெளி (ஆல்புகர்க்கி), ஜூன் 10

நியூ மெக்சிகோ நிலவரத்தையும் சொல்லிடறேன், பாயிண்ட் தீர்ந்தவங்களுக்கு உதவும். இங்க பாயிண்டே கிடையாது, ஒவ்வொரு வருஷமும் புதுக் குலுக்கல். டேக்ல 84 சதவீதம் உள்ளூர்க்காரங்களுக்கு, 10 சதவீதம் அவுட்ஃபிட்டரோட ஒப்பந்தம் போட்டு விண்ணப்பிக்கிறவங்களுக்கு, 6 சதவீதம் தனியா வர்ற வெளி மாநிலத்தவங்களுக்கு. அதாவது கைடு வைக்கிறவங்களுக்குத் தனி வரிசையே இருக்கு. கீலா பக்கம் 15, 16 யூனிட்டுகளுக்கு நிறைய பேர் அப்படித்தான் வர்றாங்க.

பக்கத்து அரிசோனாவுக்குப் போறவங்க கவனிங்க: 2022 ஜனவரியில இருந்து வேட்டைக்கு ட்ரெயில் கேமரா (விலங்கு வந்தா தானா படம் எடுக்கிறது) வைக்கக் கூடாது. யூட்டாவில ஜூலை 31 முதல் டிசம்பர் 31 வரை பொது நிலத்துல தடை. கொலராடோல ட்ரோன் விட்டு விலங்கைத் தேடுறது குற்றம், நேரலையில படம் அனுப்புற கேமராவுக்கும் கட்டுப்பாடு இருக்கு. விதிப் புத்தகம் வருஷா வருஷம் மாறுது. 2025 முதல் வெளி மாநிலத்து வில் வேட்டைக்காரங்களுக்கு மேற்குக் கொலராடோல கடை டேக்கையே நிறுத்திட்டாங்க, எல்லாம் குலுக்கல்தான்.

---

நீலவானம் (போல்டர்), ஜூன் 11

கறிக்காக வேட்டையாடுவதை நான் எதிர்க்கவில்லை. என் கேள்வி ‘பெரிய கொம்பு’ பற்றியது. எஸ்டஸ் பார்க்கில் 1995இல் சாம்சன் என்று ஊரே பெயர் வைத்து நேசித்த காளையை ஒருவர் திருட்டுத்தனமாகக் கொன்றார். கொம்பு மீதான வெறி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? நன்றாக வளர்ந்த ஆணையே தேடித் தேடி எடுத்தால் அந்த மந்தைக்கு என்ன மிஞ்சும்?

---

கல்பாதை, ஜூன் 11

நீலவானம் அக்கா, சாம்சன் விஷயம் வேட்டைக்காரங்க எங்களுக்கும் இன்னும் ஆறாத கோபம். அதனாலதான் 1998ல அதே பேர்ல கொலராடோ சட்டம் கொண்டு வந்தாங்க. ஒரு பக்கக் கொம்புலயாவது ஆறோ அதுக்கு மேலயோ கிளை உள்ள எல்க் காளையைச் சட்டவிரோதமா கொன்னா, வழக்கமான தண்டனையோட 10,000 டாலர் கூடுதல் அபராதம். தலையை மட்டும் வெட்டி எடுத்துட்டு இறைச்சியை விட்டுட்டுப் போறது இங்க பெருங்குற்றம், அபராதத்தோட முடியாது.

எண்ணிக்கையைப் பத்தி: 1900 வாக்குல இந்தக் கண்டம் முழுக்க மிஞ்சின எல்க் ஒரு லட்சத்துக்கும் குறைவு. சந்தையில விக்கிறதுக்காக சுட்டுத் தள்ளினதும் மேய்ச்சல் நிலம் போனதும்தான் காரணம். இன்னைக்கு சுமார் 10 லட்சம். 1937ல வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிள், தோட்டா விலையில 11 சதவீத வரி மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகுது. அதோட உரிமக் கட்டணம். மந்தையைக் கணக்கெடுக்கிற ஹெலிகாப்டருக்கும் உயிரியலாளர் சம்பளத்துக்கும் பெரும்பங்கு இதுல இருந்துதான் வருது.

---

நீலவானம், ஜூன் 12

இந்த விவரங்களுக்கு நன்றி, மறுக்கவில்லை. ஆனால் ஏலத்தில் லட்சக்கணக்கான டாலருக்கு ஒற்றை டேக்கை விற்கிறார்களே, அதைப் பற்றி என்ன சொல்வீர்கள்? பொதுமக்களின் விலங்கு, பணம் உள்ளவருக்கு முதல் வரிசை. அந்தப் பணம் பாதுகாப்புக்கே போனாலும் என்னால் அதை ஏற்க முடியவில்லை. பல வருடம் காத்திருந்து குலுக்கலில் வாங்கிய பைன்காடு மீது எனக்குக் குறை இல்லை.

---

வடமலையான், ஜூன் 12

ஏலம் பற்றி நீலவானம் சொல்வதோடு எனக்கு உடன்பாடு உண்டு. ஒரு காளையைப் பல ஆட்கள் மாதக்கணக்கில் கண்காணித்து, பணம் கட்டியவர் கடைசி நாளில் வந்து சுட்டுவிட்டுப் போவதை நான் வேட்டை என்று எண்ணுவதில்லை.

மந்தைக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்விக்கு வருகிறேன். காளையின் கொம்பு பெரும்பாலும் 8 வயதுக்கு மேல்தான் முழு அளவை எட்டும். அதற்குள் அது பல பருவம் இணைசேர்ந்திருக்கும். அக்டோபரில் எடுக்கும்போது அந்த வருடத்து இணைசேர்க்கையும் முடிந்திருக்கும். சாதாரண யூனிட்டுகளில் இரண்டு, மூன்று வயதிலேயே பெரும்பாலான காளைகள் சுடப்படுகின்றன. மந்தையின் வயது அமைப்பைக் கெடுப்பது அதுதான். முதிர்ந்ததை மட்டும் எடுப்பேன், இல்லையென்றால் டேக்கோடு வீடு திரும்புவேன் என்று ஒருவர் தீர்மானித்தால், அவர் கண்முன் போகும் இளங்காளைகள் எல்லாம் பிழைக்கும். தம்பி பைன்காடு இந்தத் தீர்மானத்தை இப்போதே எடுத்துவிட வேண்டும். ஐந்தாம் நாள் மாலை எடுக்கும் தீர்மானம் வேறு மாதிரி இருக்கும்.

---

பைன்காடு, ஜூன் 13

எடுத்துட்டேன் அண்ணா. முதிர்ந்தது கிடைக்கலைன்னா டேக்கைப் பயன்படுத்தாம வெறுங்கையோட வர்றதுக்கு வீட்டிலும் சம்மதம் வாங்கியாச்சு.

ஆனா ஸ்கோப்ல பத்து நொடிதான் தெரியுதுன்னா, அது முதிர்ந்ததுன்னு எப்படி முடிவு பண்றது? 350, 370னு எல்லாரும் எண் சொல்றாங்க.

---

வடமலையான், ஜூன் 13

அந்த எண்கள் பூன் அண்ட் கிராக்கெட் கிளப்பின் அளவுமுறை. 1887இல் தியடோர் ரூஸ்வெல்ட்டும் ஜார்ஜ் பேர்ட் கிரின்னலும் தொடங்கிய அமைப்பு அது. இரண்டு தண்டுகளின் நீளம், கிளைகளின் நீளம், பக்கத்துக்கு நான்கு இடத்தில் சுற்றளவு, தண்டுகளுக்கு நடுவே உள்ள அகலம், எல்லாவற்றையும் அங்குலத்தில் கூட்டி, இடது வலது வேறுபாட்டைக் கழிப்பார்கள். அவர்களின் நிரந்தரப் பதிவேட்டில் ஏற ஒழுங்கான கொம்புக்கு 375, ஒழுங்கற்றதற்கு 385 வேண்டும். ஒழுங்கான கொம்பில் உலகச் சாதனை 1968இல் அரிசோனாவின் ஒயிட் மவுண்டன்ஸில் கிடைத்த 442 5/8. ஒழுங்கற்றதில் 2008இல் யூட்டாவில் கிடைத்த 478 5/8.

இந்த எண்ணைத் துரத்திக்கொண்டு போகாதே. 61இல் 300ஐத் தாண்டிய ஆறுக்கு ஆறு (பக்கத்துக்கு ஆறு கிளை) காளையே வாழ்நாள் முழுக்கச் சுவரில் வைக்கத் தகுந்தது. எண்ணைவிட வயதைப் பார். முதிர்ந்த காளைக்கு முன்பக்கம் கனத்து, வயிறு தொங்கி, முதுகு நடுவில் தாழ்ந்திருக்கும். கழுத்து மயிர் கருத்து அடர்ந்திருக்கும். கொம்பின் பருமன் அடியில் மட்டும் இல்லாமல் நுனிவரை தொடரும். கிளைகளில் நான்காவதைத் தேடு, வாள் போல மற்றவற்றை மீறி நீண்டிருக்கும். அதற்குப் பின்னாலும் தண்டு நீளமாகப் போய் முடிந்தால் அது பெரிய காளை. மூன்றாவது கிளை பலவற்றிலும் குட்டையாக இருக்கும், அதனால் அது நீளமாக இருந்தால் யோசிக்காமல் துப்பாக்கியை எடு. ஜூலையில் பார்க்கும் ஒவ்வொரு காளையிலும் இதைப் பழகு. கோடை நோட்டத்தின் பெரிய லாபம் இந்தக் கண் பயிற்சிதான்.

கருவி பற்றியும் சொல்லிவிடுகிறேன். 10x42 பைனாகுலரை முக்காலியில் மாட்டி உட்கார்ந்து பார். கையில் பிடித்துப் பார்க்கும்போது தெரியாத காதசைவும் கொம்பு நுனியும் முக்காலியில் தெரியும். ஒரே சரிவை மணிக்கணக்கில் துண்டு துண்டாக அலசு.

காற்று: விடியலில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழே வழியும். வெயில் ஏறியதும் மேல்நோக்கித் திரும்பும், அந்தி சாய்ந்ததும் மறுபடி இறங்கும். பகலில் படுத்திருக்கும் காளையை மேலிருந்து நெருங்கு, மாலையில் அதற்குக் கீழோ பக்கவாட்டிலோ இரு. காற்றின் திசை பார்க்கப் பொடி ஊதும் சின்னப் புட்டி எப்போதும் பையில் இருக்கட்டும். காற்று மாறுகிற அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பது உத்தமம்.

---

கோடைமழை (சால்ட் லேக் சிட்டி), ஜூன் 14

இழையைத் திருப்பறேன், மன்னிக்கணும். நான் எச்1பி விசாவுல இருக்கேன். துப்பாக்கி தொடவே கூடாதுன்னு நண்பர்கள் சொல்றாங்க. உண்மையா?

---

சமவெளி, ஜூன் 14

பாதி உண்மை தம்பி. குடியேற்றம் சாராத விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கக் கூடாதுன்னு கூட்டாட்சிச் சட்டம் சொல்லுது. ஆனா அமெரிக்க மாநிலம் ஒண்ணு கொடுத்த செல்லுபடியாகிற வேட்டை உரிமம் கையில இருந்தா அதுக்கு விலக்கு உண்டு. உரிமம் காலாவதியான அன்னிக்கே விலக்கும் போயிடும், அப்போ வீட்டுல துப்பாக்கி இருந்தா சிக்கல். அதனால எதையும் வாங்குறதுக்கு முன்னால குடிவரவு வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. வில் அம்புக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, நிறைய பேர் அதுலதான் ஆரம்பிக்கிறாங்க. முதல்ல வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடிச்சு அட்டை வாங்குங்க. கொலராடோல 1949 ஜனவரி 1 அன்னிக்கோ அதுக்குப் பிறகோ பிறந்தவங்களுக்கு அது கட்டாயம்.

---

கல்பாதை, ஜூன் 15

இறைச்சி பத்தி யாரும் பேசலையே. பெரிய காளை 300 கிலோவுக்கு மேல இருக்கும். எலும்பு நீக்கினாலும் 100 கிலோ பக்கம் வரும். தலையும் கொம்பும் அதுக்கு மேல. தனி ஆள் முதுகுல சுமந்தா நாலஞ்சு நடை. அக்டோபர் பகல்ல வெயில் அடிச்சா தொடை எலும்பை ஒட்டின இறைச்சி முதல்ல கெடும். விழுந்த உடனே தோலை உரிச்சு, துண்டு போட்டு, துணிப் பையில நிழல்ல தொங்க விடுங்க. பாலின அடையாளம் ஒரு துண்டோட இயற்கையா ஒட்டியிருக்கணும், டேக்கும் இறைச்சியோட இருக்கணும்.

சிடபிள்யூடி (மான் இனங்களோட மூளையைத் தாக்குற நோய்) சோதனைக்குத் தலையைக் கொடுங்க. 1967ல ஃபோர்ட் காலின்ஸ் ஆய்வு நிலையத்து மான்கள்லதான் இந்த நோயை முதல்ல கவனிச்சாங்க. மனுஷனுக்கு வந்ததா இதுவரை உறுதியான சான்று இல்ல, ஆனாலும் நோய் இருக்குன்னு முடிவு வந்தா சாப்பிட வேண்டாம்னு அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் (சிடிசி) சொல்லுது. முடிவு வர்ற வரைக்கும் ஃப்ரீசர்ல தனியா வைங்க.

கைடு, குதிரை இதெல்லாம் உண்மையிலேயே கை கொடுக்கிறது இந்த இடத்துலதான். சாலையில இருந்து ரெண்டு மைலுக்கு மேல, அதுவும் பள்ளத்தாக்கோட அடியில சுடுறதா இருந்தா, தூக்க ஆள் யாருன்னு முன்னாடியே பேசி வைங்க. இல்லைன்னா அந்தக் காளையை விட்டுடுங்க.

---

பைன்காடு, ஜூன் 16

எல்லாருக்கும் நன்றி. இப்படிப் போகலாம்னு இருக்கேன்: முழு கைடு வேண்டாம். ஜூலைல ரெண்டு வாரம் விடுமுறை எடுத்து நிலத்தைப் பார்க்கிறேன், செப்டம்பர் கடைசியில கூவல் கேக்க ஒரு முறை. சீசனுக்கு மச்சான் கூட வர்றான், இறைச்சி இறக்க மட்டும் குதிரைக்காரர் ஒருத்தரைப் பேசி வைக்கப் போறேன். சிபிடபிள்யூ (கொலராடோ வனவிலங்குத் துறை) வெளியிடுற அறுவடை அறிக்கையையும், அதாவது வேட்டையில எத்தனை எல்க் எடுக்கப்பட்டதுங்கிற கணக்கையும், எடுத்துட்டேன். கடைசியா ஒரு சந்தேகம்: அந்தப் பகுதி வனவிலங்கு அதிகாரிக்கு நேரா போன் பண்ணலாமா? தொந்தரவா நினைப்பாங்களா?

---

வடமலையான், ஜூன் 16

தாராளமாகப் பேசு, அது அவர்கள் வேலையின் ஒரு பகுதி. ஆகஸ்ட்டுக்கு முன்னால் கூப்பிடு, சீசன் நெருங்கினால் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. “பெரிய காளை எங்கே” என்று கேட்காதே. வரைபடத்தை முன்னால் வைத்துக்கொண்டு, “இந்த ஊற்றில் இந்த வருடம் தண்ணீர் நிற்குமா, இந்தப் பக்கம் மாடு மேய்ச்சல் எப்போது முடிகிறது, முதல் பனி விழுந்தால் எல்க் எந்தப் பக்கம் இறங்கும்” என்று கேள். நீ வேலை செய்துவிட்டுப் பேசுகிறாய் என்று தெரிந்தால் அவர்களே கூடுதலாகச் சொல்வார்கள்.

குதிரைக்காரரிடமும் ஒரு விஷயம் கேட்டுக்கொள்: காசு வாங்கிக்கொண்டு தேசிய வனத்துக்குள் சுமை இறக்க அவருக்கும் வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி உள்ள சிலரை எனக்குத் தெரியும், தனிச்செய்தியில் அனுப்புகிறேன். ஜூலையில் வரும் தேதியைச் சொல், டிவைட் ரோடு பக்கம் எந்த இடத்தில் கூடாரம் போட்டால் தண்ணீருக்கு அலைய வேண்டாம் என்று காட்டுகிறேன்.